ஆரணி தறிக்குழியில் தண்ணி ஊறுமா? பதில் நடுக்கடலில் மிதக்குது!

புரட்டாசி பாதி தாண்டினாலே ஆரணியில் இருந்து பெரியப்பா போன் பண்ணிடுவார். "இந்த வருஷம் மழை எப்படிடா?" நியூஸ் டெஸ்க்ல உட்கார்ந்திருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நம்பிக்கை.

அவர் கேட்கிறதுக்குக் காரணம், அவரது குழித்தறி. கால் மிதிக்கிற பலகை தரைக்குக் கீழே குழிக்குள் இருக்கும். ரெண்டு நாள் விடாம பெஞ்சா குழியில் தண்ணி ஊறிடும். காத்துல ஈரம் ஏறினாலே பட்டு இழை ஒட்டும், ஜக்கார்டு அட்டை ஊறி உப்பும். பாவு நீட்டுறது தெருவில்தான், மழையில் அதுவும் நடக்காது. நெய்தால்தான் கூலி. தீபாவளி, தை முகூர்த்த ஆர்டர் குவியும் நேரம் பார்த்துத்தான் வடகிழக்குப் பருவமழையும் வருது.

ஆரணியில் இருந்து கடல் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். ஆனா பெரியப்பாவோட கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கு.

காத்துக்கு மறதி, கடலுக்கு ஞாபகம்

இன்றைய காற்றின் நிலையை எவ்வளவு துல்லியமா அளந்தாலும், அதை வைத்து சுமார் ரெண்டு வாரத்துக்கு மேல் தினசரி வானிலையைச் சொல்ல முடியாது. அதுக்குள் சின்னச் சின்னப் பிழைகள் பெருகி எல்லாத்தையும் குழப்பிடும். கடல் அப்படி இல்லை. மேல் மூணு மீட்டர் கடல்நீர் பிடித்து வைக்கும் வெப்பம், மொத்த வளிமண்டலமும் பிடித்து வைக்கும் வெப்பத்துக்குச் சமம். அது மெதுவா சூடாகும், மெதுவா ஆறும். அதனால் இன்னைக்குக் கடலுக்குள் இருக்கும் சூடு, இன்னும் மூணு மாசம் காத்து எந்தப் பக்கம் சாயும்னு ஒரு துப்பு தரும். எல் நினோ, லா நினா, இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று நாம் ஷேர் பண்ற வார்த்தைகள் எல்லாம் இந்தத் துப்புகளின் பெயர்கள்தான்.

சாட்டிலைட் போதாதா? போதாது. அது பார்ப்பது கடலின் தோலை மட்டும். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நல்ல தண்ணி வங்கக்கடலின் மேல் ஒரு படலம் மாதிரி கிடக்கும், அதுக்கு அடியில் சூடு ஒளிந்திருக்கும். அதை அறிய உள்ளே இறங்கித்தான் ஆகணும்.

இறங்குவது ஆர்கோ மிதவைகள். உலகம் முழுக்க சுமார் 4,000 இருக்கின்றன. ஒவ்வொன்றும் 10 நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழம் வரை போய், வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலே வந்து, சாட்டிலைட்டுக்குத் தகவல் அனுப்பிட்டு மறுபடி மூழ்கிடும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் இந்தியாவின் மிதவைகளைக் கவனிக்கிறது. நங்கூரமிட்ட மிதவைகளை நம்ம பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் பராமரிக்கிறது.

இதெல்லாம் இல்லாத காலம் எப்படி இருந்தது? 1982-83-ல் வந்த பெரிய எல் நினோ, உச்சத்தை நெருங்கும் வரை விஞ்ஞானிகள் கண்ணிலேயே சரியாகப் படவில்லை. அந்த அடிக்குப் பிறகுதான் பசிபிக் முழுக்க மிதவைகளை வரிசையாகக் கட்டினார்கள், 1994-ல் முடித்தார்கள். இந்தியப் பெருங்கடலில் ராமா என்ற மிதவை வரிசை 2004-ல்தான் தொடங்கியது.

அப்போ கரெக்டா சொல்லிடுவாங்களா?

இல்லை, இதை மறைக்கக் கூடாது. 2016-ல் லா நினா பக்கம் சாய்ந்த கடல், எதிர்மறை இருமுனை. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. வழக்கமான கணக்கு பலித்தது. 2021-லும் லா நினாதான், ஆனா மழை வழக்கத்தை விட 50 சதவீதத்துக்கும் மேல் கூடுதல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து நகராம நின்று, விழுப்புரத்தையும் திருவண்ணாமலையையும் மூழ்கடித்தது. அதை எந்தப் பருவக் கணிப்பும் அக்டோபரில் சொல்ல முடியாது. பருவக் கணிப்பு என்பது வாய்ப்புக் கணக்கு, தேதி கிடையாது.

ஆனா வாய்ப்புக் கணக்கே ஒரு நெசவாளருக்குப் போதும்னு நினைக்கிறேன். மழை கூடும் வாய்ப்பு அதிகம்னு புரட்டாசியிலேயே தெரிந்தால், பாவு வேலையை முன்கூட்டி முடிக்கலாம், சேலை கொடுக்கும் தேதியைத் தள்ளிப் பேசலாம், அட்வான்ஸை யோசித்து வாங்கலாம்.

இப்போ அது அவர் கைக்கு வரலை. வானிலைத் துறையின் வடகிழக்குப் பருவ முன்னறிவிப்பு தமிழ்நாடு, கேரளா, கடலோர ஆந்திரா, ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகா எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் பேசுகிறது. மீனவருக்கு இன்காய்ஸ் மீன் இருக்கும் இடத்தைச் சொல்கிறது, விவசாயிக்கு வேளாண் வானிலை அறிக்கை இருக்கு. நெசவாளருக்கென்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. கைத்தறித் துறையும் வானிலை மையமும் உட்கார்ந்து பேசினால், கூட்டுறவுச் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆடியோவாகவே இதை அனுப்பலாம்.

இன்னொரு கவலையும் உண்டு. மிதவைகளைப் பராமரிக்க கப்பலும் காசும் வேணும். பசிபிக் வரிசையைக் கவனித்த கப்பலை அமெரிக்கா 2012-ல் நிறுத்தியதும், 2014-க்குள் அதன் தகவல் பாதிக்கும் கீழே போனது. ஆர்கோவில் பாதி மிதவைகள் அமெரிக்காவுடையவை; அங்கே 2025-ல் கடல் ஆய்வு நிதியை வெட்டும் திட்டம் வந்தது. நம்ம பக்கம், மிதவையைச் சுற்றி மீன் கூடும் என்பதால் படகைக் கட்டி மீன் பிடிக்க, கருவிகள் உடைகின்றன.

பெரியப்பாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். கேட்டுட்டு, "சரிடா, அப்போ பாவு நீட்டிடவா, வேணாமா?" என்றார்.