கொஞ்சம் நில்லுங்கள், கேட்டுச் சொல்கிறேன்

வீடு தேடி வந்து ஏமாற்றுபவர்களைப் பற்றி எச்சரிக்கிறவர்கள் எல்லோரும் தவறாமல் ஒரு யோசனை சொல்கிறார்கள்: அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் இதைப்போல உதவாத யோசனை வேறில்லை. எந்த ஜெராக்ஸ் கடையிலும் லேமினேட் செய்து வாங்கிவிடலாம் அந்த அட்டையை. மின்வாரிய ஊழியரின் அசல் அட்டை என்ன நிறம், கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கின் அட்டையில் யார் கையெழுத்து இருக்கும் என்பதெல்லாம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அசலையே பார்த்திராதவர் போலியை எதோடு ஒப்பிடுவார்? சோதித்துவிட்டோம் என்ற நிம்மதிதான் மிஞ்சும். உள்ளே வர நினைக்கிறவருக்கு அந்த நிம்மதியே போதும்.

கேஸ் அடுப்புப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். காலை பதினொரு மணி. வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் போய்விட்ட நேரம். வருகிறவர் தோளில் பை, பைக்குள் ஆரஞ்சு நிற டியூப், கையில் ரசீது புத்தகம். "ஏஜென்சில இருந்து வர்றோம்மா, அஞ்சு வருஷ செக்கிங்" என்பார். அடுப்படிக்குப் போய் டியூபை இப்படியும் அப்படியும் வளைத்துவிட்டு, "விரிசல் விட்டிருக்கே, இதை வெச்சுக்கிட்டா சமைக்கிறீங்க?" என்று கேட்பார். மாற்றாவிட்டால் அடுத்த சிலிண்டர் வராது என்பது கடைசி அஸ்திரம். இது பலிப்பதற்குக் காரணம், சொல்வதில் பாதி உண்மை என்பதுதான். வீட்டு எரிவாயு இணைப்பை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏஜென்சி ஆள் அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்பது நிஜமான விதி. டியூபையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். அசல் ஆளும் போலி ஆளும் ஒரே மாதிரிப் பையோடு வந்து, ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். ஆகவே ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? காத்திருக்கச் சொல்லிப் பார்க்கலாம். "கொஞ்சம் வெளியவே நில்லுங்க, ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்றேன்" என்று கதவைச் சாத்தினால் அசல் ஊழியருக்கு என்ன நஷ்டம்? ஐந்து நிமிடம். அவர் நாளைக்கு வந்தாலும் டியூப் அங்கேயேதான் இருக்கும். ஏமாற்ற வந்தவருக்கோ அந்த ஐந்து நிமிடம் பிழைப்பையே கெடுத்துவிடும். ஒன்று மட்டும் முக்கியம்: அவர் நீட்டும் அட்டையிலுள்ள எண்ணுக்குப் போன் போடக் கூடாது, அந்தப் பக்கம் எடுப்பதும் அவருடைய கூட்டாளியாக இருக்கலாம். கேஸ் புத்தகத்தில் இருக்கும் ஏஜென்சி எண், மின்சாரம் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்று நம் கையில் ஏற்கெனவே இருக்கும் எண்ணைத்தான் அழைக்க வேண்டும்.

காக்க வைத்தால் கனெக்‌ஷன் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. "இப்பவே பியூஸைப் பிடுங்கிடுவோம்" என்ற மிரட்டல் அந்தப் பயத்தை நம்பித்தான் வருகிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் நிலைமை தலைகீழ். கட்டணம் கட்டாதவருக்கே, எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 15 நாள் முழுதாகக் கழிந்த பிறகுதான் இணைப்பைத் துண்டிக்கலாம் என்கிறது 56-ஆம் பிரிவு. மீட்டரைப் பார்க்க வருகிறவர் நியாயமான நேரத்தில், விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்கிறது 163-ஆம் பிரிவு. வீட்டுக்காரர் விட மறுத்தாலும், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 24 மணி நேரம் போன பிறகுதான் நடவடிக்கை. மின் திருட்டு என்றால் உடனே துண்டிக்கும் அதிகாரம் உண்டு என்று சட்டம் தெரிந்தவர் குறுக்கிடலாம். உண்மைதான். ஆனால் அது அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலருக்கு மட்டும். துண்டித்தவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகாரும் கொடுத்தாக வேண்டும். "மீட்டர்ல ஏதோ பண்ணியிருக்கீங்க, ரெண்டாயிரம் குடுங்க, பேசி முடிச்சிடலாம்" என்கிற நடைமுறை எந்தப் பிரிவிலும் இல்லை. சட்டமே ஒரு நாள் பொறுக்கச் சொல்லும்போது, அதன் பெயரில் வந்தவர் ஐந்து நிமிடம் பொறுக்க மாட்டாரா?

அவசரப்படுத்துவதற்குப் பேச்சு மட்டும் போதாதபோது கண்கட்டு வித்தையும் நடக்கும். தண்ணீர் சோதனைக்கு என்று வருகிறவர் இரண்டு டம்ளர் எடுத்து வைப்பார். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவருடைய ஃபில்டர் தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி ஸ்விட்சைப் போட்டால், சிறிது நேரத்தில் நம் தண்ணீர் பழுப்பாகி, குழம்பி, அடியில் கசடு தங்கும். அவருடையது தெளிவாகவே இருக்கும். "இதைத்தான் குழந்தைங்களுக்குக் குடுக்குறீங்க" என்றால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு கலங்காது? ஆனால் அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததல்ல. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன; அந்த மின்சாரத்தில் இரும்புக் கம்பியே அரித்துக் கரைந்து துருவாகிறது. உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாததால் அது தெளிந்து நிற்கிறது. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி ஸ்விட்சைப் போடச் சொன்னால் அதுவும் கலங்கும். கிருமி இருக்கிறதா, ஆர்சனிக் இருக்கிறதா என்று இந்தச் சோதனை எதுவும் சொல்வதில்லை. இருந்தாலும் எல்லா வித்தையின் சூட்சுமமும் குடும்பத் தலைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை. நாளைக்கு வேறொரு வித்தையோடு வருவார்கள். காக்க வைக்கும் பழக்கம் எந்த வித்தைக்கும் பொருந்தும்.

வெயிலில் அலைந்து வேலை செய்கிற எளிய மனிதர்களை இப்படி வாசலில் நிறுத்துவது மரியாதையா என்று கேட்கலாம். ஆளின் சட்டையையும் பேச்சையும் பார்த்துச் சிலரை விடுவதும் சிலரைத் தடுப்பதும்தான் அவமரியாதை. வருகிற எல்லோரையும் ஒன்றுபோல நிறுத்திக் கேட்டால் யாரும் மனம் நோக வேண்டியதில்லை. ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டும் போன் பேசலாம். நிஜமாகவே கேஸ் கசிந்தால், போன் பேசிக்கொண்டிருந்தால் ஆபத்தில்லையா என்பது இன்னும் கனமான கேள்வி. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்றுதான் நாற்றப்பொருள் சேர்க்கிறார்கள். தெருவிலிருந்து வந்தவருக்கு முன்பே வீட்டிலிருப்பவர் மூக்குக்கு அது எட்டிவிடும். சந்தேகம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்ய வேண்டும். அப்போது ஆளை வரவழைப்பது நாம். டியூபின் வயதைச் சொல்லவும் ஆள் தேவையில்லை. முத்திரை பெற்ற டியூபின் மேலேயே ஐ.எஸ். 9573 என்ற எண்ணோடு ஆண்டும் அச்சாகியிருக்கும்.

கனமான பதில் தேவைப்படும் மறுப்பு வேறு. எழுபது வயதில் தனியாக இருப்பவர், காது மந்தமானவர், போன் எண்ணைத் தேடி எடுக்கத் தடுமாறுபவர் இவ்வளவும் செய்வாரா? செய்ய மாட்டார். இங்கே பொறுப்பு நிறுவனங்களுடையது. சிலிண்டர் கொண்டுவருபவரிடம் நம் போனுக்கு வந்த எண்ணைச் சொன்னால்தான் டெலிவரி என்று வைத்திருக்கிறார்கள். நாம் உண்மையான வாடிக்கையாளர்தானா என்று நிறுவனம் சரிபார்த்துக்கொள்கிறது. அதே ஏற்பாட்டைத் திருப்பிப் போட என்ன தடை? பரிசோதனைக்கு ஆள் அனுப்பும் முன் நமக்கு ஓர் எண் வரட்டும். வந்தவர் அதைச் சொல்லட்டும். பிரிட்டனில் மின்சார, எரிவாயு நிறுவனங்களிடம் முதியவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் ஒரு ரகசியச் சொல்லைப் பதிந்து வைக்கலாம். வீட்டுக்கு வரும் ஊழியர் அதைச் சொல்ல வேண்டும். இங்கே ரீஃபில் புக்கிங் செய்தால் அடுத்த நொடி எஸ்.எம்.எஸ். வருகிறது, பரிசோதனைக்கு ஆள் வரும்போது மட்டும் நாம் அட்டையைத்தான் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.