குவாரி தரும் வேலை எத்தனை நாளைக்கு?

மே 1 கிராம சபையில் எங்கள் ஊர்க் கரட்டைக் கல்குவாரிக்கு விடுவது பற்றிப் பேச்சு வந்தது. "நூறு குடும்பத்துக்கு வேலைங்க" என்றார் குவாரிக்காகப் பேசியவர். கூட்டம் அமைதியாகிவிட்டது. வேலை என்ற சொல்லுக்கு அவ்வளவு பலம்.

நான் வங்கியில் இருந்தபோது வந்த திட்ட அறிக்கைகளிலும் 'வேலைவாய்ப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். தொடங்கும்போது எத்தனை பேர் என்று எழுதியிருப்பார்கள். பத்தாம் வருஷம் எத்தனை பேர் என்று நாங்களும் கேட்டதில்லை. அது எங்கள் தப்பு.

இப்போது கேட்டுப் பார்ப்போம். அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 1923-ல் 8 லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 2008-ல் அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் நிலக்கரி வெட்டினார்கள். ஆட்களோ ஒரு லட்சத்துக்கும் குறைவு. நம்ம கோல் இந்தியாவில் ஒரு காலத்தில் 6 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2023-ல் சுமார் 2.4 லட்சம். உற்பத்தி மட்டும் 70 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. ஆஸ்திரேலியாவின் பில்பராவில் இரும்புத்தாது ஏற்றும் லாரிகள் பல, ஓட்டுநர் இல்லாமலே ஓடுகின்றன. கவனித்துக்கொள்பவர் சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, பெர்த் நகரில் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் கரட்டிலும் இதுதான் நடக்கும். உளி பிடித்த கை இருந்த இடத்தில் பொக்லைன் நிற்கும்.

வேலை போன பிறகும் செலவு போகாது. ஜெர்மனியில் ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. தோண்டியதில் சில இடங்களில் நிலம் 20 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. ஊர்கள் தண்ணீரில் மூழ்காமல் இருக்க இன்றும் மோட்டார் ஓடுகிறது. என்றென்றும் ஓட வேண்டும். அதற்கென்றே ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். கடைசித் தவணையே இல்லாத கடன் அது. எங்கள் ஊர்க் குழியில் கிணற்று ஊற்றெல்லாம் வடிந்தால் அந்தத் தவணையை யார் கட்டுவது?

ஆனாலும் குவாரிக்குக் கை தூக்கிய பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருஷம் முழுக்க நாம் அவர்களுக்கு வேலை கொடுத்தோமா? இயற்கை விவசாயத்துக்கு ஆள் அதிகம் வேண்டும் என்று புலம்புகிறோம். யோசித்தால் அதுதான் நம்ம பலம். களையெடுப்பு, விதை சேகரிப்பு, நாற்றங்கால், செக்கு என்று நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்தால் பத்துப் பேருக்காவது மாதச் சம்பளம் கொடுக்கலாம். அதைச் செய்யாமல் குவாரியை மட்டும் எதிர்ப்பது நியாயமாகாது.

உங்கள் ஊரிலும் இந்தப் பேச்சு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பத்தாம் வருஷம் எத்தனை பேருக்கு வேலை? அதில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர்? குழியை யார், எந்தப் பணத்தில் மூடுவார்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடலாமா என்று யோசிப்போம்.