பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தேன். "தாத்தா" என்று மெல்லிய குரல். கண்ணைத் திறந்தால் பேரன் நிற்கிறான். முகத்தில் ஈயாடவில்லை.

"பவர் பட்டனை அமுக்கினா ஒண்ணுமே நடக்கல தாத்தா."

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். பொங்கலுக்கும் பிறந்த நாளுக்கும் பெரியவர்கள் கொடுத்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சம்பாதித்தது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே கோத்துவிடுவது என்று கிளம்பியவன். திருச்சியிலிருந்து ரயிலேறி சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிச் சாமான்களை வாங்கி வந்தான். அன்று காலை ஒன்பது மணிக்கு ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்தவன் மூன்று மணிக்குத்தான் நிமிர்ந்தான். பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை, ஒரு சத்தமும் இல்லை.

என் மகன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "நான் அப்பவே சொன்னேன். ரெடிமேடா வாங்கியிருந்தா இந்தத் தலைவலி உண்டா? இதெல்லாம் உனக்கு எதுக்கு?"

கடைக்குப் போன் போட்டால் அவர்கள் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். "மதர்போர்டு போயிருக்கும் தம்பி, கழட்டிக் கொண்டு வாங்க." பையன் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டான்.

"முதல்ல அதைக் கீழே வை" என்றேன்.

நான் தொலைபேசித் துறையில் 36 வருடம் குப்பை கொட்டியவன். கம்ப்யூட்டரைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் கோளாறு தேடுவது தெரியும். எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு புகார் வந்தால் முதலில் எம்.டி.எஃப். என்கிற சட்டத்துக்குப் போவோம். ஊருக்குள்ளிருந்து வரும் கேபிளும் எக்ஸ்சேஞ்சு இயந்திரமும் சந்திக்கிற இடம் அது. அங்கே அந்த லைனைப் பிரித்து, வெளிப்பக்கம் ஒரு முறை, உள்பக்கம் ஒரு முறை சோதிப்போம். கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைச் செய்யாமல் நேரே கம்பத்தில் ஏறுகிறவன் நாள் முழுக்கக் கம்பத்தில்தான் இருப்பான்.

அன்று எங்கள் ஹாலில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, யார் தப்பு? இன்னொன்று, எதுவரை சரியாக இருக்கிறது? முதல் கேள்வியை யார் வேண்டுமானாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்கலாம். அதனால் எந்த இயந்திரமும் ஓடியதில்லை. இரண்டாவது கேள்விக்குத் தரையில் உட்கார வேண்டும். என் முழங்கால் வலியோடு உட்கார்ந்தேன்.

பிளக் பாயிண்டில் கரண்ட் இருக்கிறதா? மேஜை விளக்கைச் செருகிப் பார்த்தோம், எரிந்தது. பவர் சப்ளையின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அதில் கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். ஆனில்தான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, உள்ளே பார்த்தோம். மதர்போர்டுக்குப் போகிற 24 பின் கனெக்டர் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா? பிராசஸருக்கென்று மேல் மூலையில் தனியாக ஒரு 8 பின் கனெக்டர் உண்டு. புதிதாகக் கோப்பவர்கள் அதை மறந்துவிடுவதுண்டு. பையன் மறக்கவில்லை. இரண்டும் சரி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் காலத்து ரேடியோவில், ஆரம்ப காலக் கம்ப்யூட்டர்களில்கூட, சுவிட்சைப் போட்டால் அதன் வழியாகவே மெயின் கரண்ட் பாயும். 1995ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அதிலிருந்து முன்பக்கப் பொத்தான் சுவிட்சே இல்லை, அது காலிங் பெல். பின்னால் சுவிட்ச் ஆனில் இருக்கிற வரைக்கும் 5 வோல்ட் கரண்ட் மட்டும் மதர்போர்டில் விழித்துக்கொண்டிருக்கும். பொத்தானை அமுக்கினால் இரண்டு மெல்லிய பின்கள் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும். மதர்போர்டு அதைக் கவனித்து, "கதவைத் திற" என்று பவர் சப்ளையிடம் சொல்லும். அதற்குப் பிறகுதான் எல்லாம்.

பேரன் விளக்கித்தான் இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் கேட்டேன்: "அப்ப பட்டன் இல்லாமலே அந்த ரெண்டு பின்னைத் தொட வச்சா?"

அவன் கண் விரிந்தது. எங்கள் எம்.டி.எஃப். அதுதான்! ஒரு பக்கம் பொத்தானும் ஒயரும், மறுபக்கம் மற்ற எல்லாம்.

மதர்போர்டின் கையேட்டைப் பிரித்தான். அந்தப் பின்கள் ஓரத்தில் இரண்டு வரிசையாக, அரிசி மணி அளவில் இருக்கின்றன. பொத்தானின் ஒயரை உருவிவிட்டு, மறுபடி பிளக்கைச் செருகி, படத்தில் பவர் சுவிட்ச் என்று போட்டிருக்கும் இரண்டு பின்களை மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டான். மிகக் குறைந்த வோல்ட் என்பதால் ஷாக் அடிக்காது. பக்கத்துப் பின்னைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

விசிறிகள் சுற்றின.

மதர்போர்டு போகவில்லை, பவர் சப்ளையும் போகவில்லை. பொத்தானின் ஒயரைப் பக்கத்து வரிசையில், ரீசெட்டுக்கு உரிய பின்களில் செருகியிருந்தான். தூங்குகிற கம்ப்யூட்டருக்கு ரீசெட் அமுக்கி என்ன பயன்? அந்த மெல்லிய ஒயருக்காகத்தான் ஒரு புது மதர்போர்டு சென்னைக்கு ரயிலேற இருந்தது.

ஆனால் திரையில் படம் வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இந்த முறை அவசரப்பட்டது நான்தான். "அணைச்சிடுடா, ஏதோ தப்பு" என்றேன். பேரன் நிதானமாகச் சொன்னான்: "இல்ல தாத்தா, இது புது வகை மெமரி, டி.டி.ஆர்.5. முதல் தடவை அது தன்னைத்தானே சரிபார்த்துக்க நேரம் எடுக்கும். கையேட்டில போட்டிருக்கு." வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இன்னும் ஓரிரு நிமிடத்தில் திரையில் எழுத்து வந்தது.

கடையில் கொடுத்தால் அரை மணியில் பார்த்துக் கொடுத்துவிடுவார்களே, எதற்கு இந்தப் பாடு என்று நீங்கள் கேட்கலாம். சில நேரம் கொடுக்கத்தான் வேண்டும். கருகிய வாடை வந்தாலோ, பொறி பறந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நாமாகத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். ஆனால் என் கவலை அரை மணி நேரமோ பணமோ இல்லை. தன் கையால் கோத்த ஒன்று ஓடாமல் நிற்கும்போது, அந்தப் பிள்ளையின் காதில் முதலில் என்ன விழுகிறது என்பதுதான் என் கவலை.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. அனுபவித்துச் சொல்கிறேன்.

1988ல் என் மகனுக்குப் பதினாலு வயது. ஏதோ பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, சோப்பு டப்பாவுக்குள் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ செய்தான். என் சால்டரிங் அயர்னை எனக்குத் தெரியாமல் எடுத்து, விரலைச் சுட்டுக்கொண்டு, இரண்டு வாரம் உழைத்தான். பேட்டரியைப் போட்டான், பாடவில்லை. டியூட்டி முடிந்து களைப்பாக வந்த என்னிடம் காட்டினான். நாள் முழுக்க ஊரார் வீட்டுப் போன்களில் கோளாறு தேடிவிட்டு வந்த நான், அந்த டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் உனக்கு எதுக்குடா, போய்ப் படி" என்றேன்.

அவன் படித்தான். நல்ல வேலைக்கும் போனான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூட அவன் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு பியூஸ் போனாலும் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுவான். அன்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வந்த வார்த்தை அவனுடையது இல்லை. 1988ல் நான் கொடுத்ததைத்தான் அவன் திருப்பிக் கொடுத்தான், அதுவும் தன் பிள்ளைக்கு.

திரையில் எழுத்து வந்ததும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு மகனும் பாய்க்கு வந்தான். "எந்த ஒயர்டா?" என்று கேட்டான். பேரன் டார்ச் அடித்து அந்தப் பின்களைக் காட்டினான். இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்திருக்க முயன்றபோது மகன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். விடாமல் பிடித்தபடியே கேட்டான்:

"அப்பா, அந்த சோப்பு டப்பா ரேடியோல என்ன கோளாறு இருந்திருக்கும்?"

டயோடைத் திருப்பி வைத்திருக்கலாம். ஒரு சால்டர் சரியாகப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். பத்து நிமிட வேலை. ஆனால் அந்த டப்பா எப்போதோ பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டது. "தெரியலப்பா, பார்த்திருக்கணும்" என்றேன்.

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் ஒருநாள் ஏதாவது ஒன்று ஓடாமல் நிற்கும். யார் தப்பு என்று கேட்க நாக்கு துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு, "எதுவரை சரியா இருக்கு, காட்டு பார்க்கலாம்" என்று மட்டும் கேட்டுவிடுங்கள். முழங்கால் வலித்தால் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாவது கேளுங்கள்.