பேயும் பீரங்கியும் யாருக்காக?

"கதையாவது, மண்ணாவது! கொடுத்த காசுக்குக் கண் குளிர வேண்டும், காது அதிர வேண்டும். சினிமா என்றால் அவ்வளவுதானே தோழர்?"

சென்ற வாரம் ஆரணியில் ஒரு டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் இளம் நெசவாளித் தோழர் இப்படிக் கேட்டார். நல்ல உழைப்பாளி. சங்க ஊர்வலத்தில் முன்வரிசையில் கொடி பிடிப்பவர். ஆனால் அன்று அவர் வாயிலிருந்து வந்தது அவர் கருத்தல்ல. பட முதலாளிகள் ஆண்டுக்கணக்காக நம் காதில் ஓதிவரும் மந்திரம். பேய்ப் படமா? கிராபிக்ஸுக்கு எத்தனை கோடி செலவு என்று விளம்பரம். யுத்தப் படமா? எத்தனை பீரங்கி, எத்தனை வெடி என்று விளம்பரம். கதை எங்கே என்று கேட்டால், "ஜனங்களுக்கு அதெல்லாம் வேண்டாம் சார்" என்று பதில்.

ஜனங்கள் சார்பில் பேச இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? குடும்பத்தோடு ஒரு படத்துக்குப் போய்வந்தால் கைத்தறி நெசவாளிக்கு நெய்த கூலி போய்விடுகிறது. அந்தக் கூலியை வாங்கிக்கொண்டு இவர்கள் நமக்குத் தருவது என்ன? அதைக் கணக்குப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

சரிகை மட்டும் சேலை ஆகுமா?

நம் தொழிலை வைத்தே பேசுவோம். கடையில் விளக்கொளியில் பட்டுச் சேலையை விரித்தால் முதலில் கண்ணைப் பறிப்பது சரிகை. ஆனால் நெசவாளி கையில் அதைக் கொடுங்கள். அவன் விரல் முதலில் சேலையின் உடலைத்தான் தடவும். பாவு என்ன, ஊடை என்ன, நெசவு நெருக்கமா என்று பார்க்கும். உடல் நைந்த துணியில் கனத்த சரிகையைப் போட்டால் என்ன ஆகும்? சரிகையின் பாரமே துணியைக் கிழித்துவிடும். இது ஆரணியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சினிமாவில் காட்சி என்பது சரிகை. கதை என்பது பாவு. கதை என்று நான் சொல்வது திடீர்த் திருப்பங்களையோ, மர்ம முடிச்சுகளையோ அல்ல. யார், யாருக்கு, என்ன செய்தான், எதற்காகச் செய்தான் என்ற கணக்கே கதை. இந்தக் கணக்கைச் சொல்லாமல் ரத்தத்தை மட்டும் காட்டுகிறவன் கொலையைக் காட்டிவிட்டுக் கொலைகாரனைத் தப்பவிடுகிறான். என் குற்றச்சாட்டு இதுதான்.

பேய் ஏன் ஜமீன் பங்களாவில் குடியிருக்கிறது?

ஆரணிக்குப் பக்கத்தில் பூசிமலைக்குப்பத்தில், காட்டோரத்தில், ஜாகீர்தார் குடும்பத்தின் பாழடைந்த மாளிகை ஒன்று இருக்கிறது. கண்ணாடி மாளிகை என்பார்கள். செல்போனை எடுத்துக்கொண்டு அங்கே போகிற இளைஞர்கள் பேய்க் கதைக்குத் தகுந்த இடம் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். ஜாகீர் வருமானம் எங்கிருந்து வந்தது, எந்தக் குடியானவன் வயிற்றைக் கட்டி வரி கட்டினான் என்று கேட்கிற இளைஞனை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் தமிழ் சினிமா அந்தக் கேள்வியைக் கேட்டதுண்டு. 1963இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை'யை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைப் படம். கிராபிக்ஸ் கிடையாது. ஜமீன்தார் மகன் ஏழைப் பெண்ணை நேசிக்கிறான். ஜமீன்தாரின் அந்தஸ்து வெறி அந்தக் காதலைக் கொன்றுபோடுகிறது. மறுபிறவி எடுத்து அவர்கள் சந்திக்கும்போதும் அதே கிழவர், 109 வயதிலும், துரத்திக்கொண்டு வருகிறார். மறுபிறவியை நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் அந்தப் படத்தில் நம் முதுகைச் சில்லிட வைப்பது எது? செத்தும் சாகாத ஜமீன் ஆணவம். வின்சென்டின் காமிரா இருளையும் பாழ்மனையையும் காட்டுவது அந்த ஆணவத்துக்கு உருவம் கொடுக்கத்தான்.

1966இல் வந்த 'யார் நீ?' இன்னும் ஒரு படி மேலே போனது. பேய் போல் வந்து பயமுறுத்திய பெண்ணுக்குப் பின்னால் இருந்தது சொத்து ஆசை, மனித சூழ்ச்சி. பேய் வேடம் போட்டது சொத்து! பகுத்தறிவைப் பற்றிப் பத்து மேடையில் பேசுவதை ஒரு கதை செய்துவிட்டது.

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். 2007இல் 'முனி', 2011இல் 'காஞ்சனா'. ஊன்றிப் பார்த்தால் இவற்றின் பேய்கள் மனு கொடுக்க வந்த பேய்கள்! முனியாண்டி என்பவர் தன் மக்களுக்காகப் பேசி, அரசியல்வாதியின் வாக்கை நம்பி மோசம்போய்க் கொல்லப்பட்டவர். காஞ்சனா ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்கி, அந்த நிலத்தைப் பறித்தவனால் கொல்லப்பட்ட திருநங்கை. எவ்வளவு பெரிய விஷயம்! நிலப்பறி, அதிகாரத் திமிர், திருநங்கையருக்கு இழைக்கப்படும் அவமானம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இதற்காக அந்தப் படங்களைப் பாராட்டவும் செய்வேன்.

ஆனால் அந்தக் கதைக்குக் கிடைத்த நேரம் எவ்வளவு? கதவு படார் என்கிறது, கொலுசு ஒலிக்கிறது, உருவம் பறக்கிறது, இடையில் அசட்டுச் சிரிப்பு. கடைசியில் அக்கினி, திரிசூலம், மந்திரம், சம்ஹாரம். வில்லன் செத்தான், எல்லாம் முடிந்தது என்று ஜனங்கள் வீட்டுக்குப் போகிறார்கள். நிலம் என்ன ஆயிற்று? நிலத்தைப் பறிக்க உதவிய சட்டமும் பத்திரமும் என்ன ஆயின? உயிரோடு இருந்தபோது நியாயம் கேட்டால் கிடைக்காது, செத்துப் பேயானால்தான் கிடைக்கும் என்பதா ஏழைக்குச் சொல்லும் பாடம்?

இதனால் விளையும் கேட்டை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் பகுதித் தறிக்காரத் தெருவில் ஒரு பெண். தறி நின்று, கடன் ஏறிய வீடு. ஒருநாள் அந்தி நேரத்தில் மயங்கி விழுந்து, எழுந்து, ஏதேதோ கத்தினாள். "அந்தப் படத்தில் வந்தது போலவே கண் சொருகுகிறது, குரல் மாறுகிறது" என்று தெருவே சாட்சி சொன்னது. பேயோட்டுகிறவனிடம் கொண்டுபோனார்கள். வேப்பிலையால் அடி, எலுமிச்சம்பழம், சேவல், அதற்குமேல் ரொக்கம். அந்த ரொக்கமும் கடன். நாங்கள் நாலு பேர் சண்டை போட்டு டாக்டரிடம் அழைத்துப்போன பிறகுதான் தெரிந்தது, அவளுக்குக் கடுமையான ரத்தசோகை என்று. வயிற்றுக்கு இல்லாமல், உறக்கம் இல்லாமல் உழைத்த உடம்பு. அவளைப் பிடித்திருந்த பேயின் பெயர் பட்டினி. எந்தக் கிராபிக்ஸ் நிபுணராவது அந்தப் பேயைக் காட்டுவாரா?

ஆரணியில் நடந்த யுத்தம்

யுத்தப் படத்துக்கு வருவோம். யுத்தம் எங்கோ எல்லையில் நடப்பது என்று நாம் நினைக்கிறோம். நம் ஊர் மண்ணே யுத்தகளம். 1751 டிசம்பர் 3ஆம் தேதி, ஆற்காட்டு முற்றுகை முறிந்த கையோடு, கிளைவ் இங்கேதான் சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பின் படையையும் அதற்குத் துணை வந்த பிரெஞ்சுக்காரர்களையும் முறியடித்தான். 31 ஆண்டுகள் கழித்து, 1782 ஜூன் 2ஆம் தேதி, இதே ஆரணியில் ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் கம்பெனிப் படையும் மோதின.

ஒரு பட முதலாளியிடம் இதைக் கொடுத்தால் என்ன செய்வார்? ஆயிரம் குதிரையைக் கணினியில் பத்தாயிரம் ஆக்குவார். கோட்டைச் சுவர் பொடிப்பொடியாகும். கிளைவின் வாள் மெதுவாக, மிக மெதுவாக மின்னும். நாம் கைதட்டுவோம்.

நடந்தது என்ன? கர்நாடக நவாபு கத்திக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவன் பின்னால் இங்கிலீஷ் கம்பெனி, ஒருவன் பின்னால் பிரெஞ்சுக் கம்பெனி. இரண்டு கம்பெனிகளும் இங்கே வந்தது எதற்கு? நாம் நெய்யும் துணிக்கு! வென்ற நவாபு கம்பெனியிடமும் கம்பெனிக்காரர்களிடமும் கடனில் மூழ்கினான். அந்தக் கடனுக்கு ஈடு குடியானவனின் நிலவரி. 1801இல் கம்பெனி கர்நாடகம் முழுவதையும் விழுங்கி ஏப்பம் விட்டது. பஞ்சம் யாருக்கு? கொள்ளை போன களஞ்சியம் யாருடையது? இந்தக் கணக்கு இல்லாத யுத்தப் படம், பீரங்கி வியாபாரியின் விளம்பரப் படம்தான்.

2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' படத்தை ஆரணியிலும் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 2014இல் காஷ்மீரில் உயிர்நீத்த இராணுவ அதிகாரி முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை அது. அந்தத் தியாகத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை கிடையாது. நான் பார்த்த காட்சியில் பெண்கள் அழுதது எப்போது? துப்பாக்கிகள் சடசடவென்று முழங்கியபோது அல்ல. கணவனுக்காகக் காத்திருந்த மனைவியின் முகத்தைக் கண்டபோதுதான். அங்கே கதை வேலை செய்தது. அதே படத்தில் காஷ்மீரத்து ஜனங்களுக்கு அப்படி ஒரு முகம் உண்டா, ஒரு வீடு உண்டா? பெரும்பாலும் கல்லெறிகிற கூட்டமாக, குறிவைக்கப்படும் நிழலாகத்தான் வந்துபோகிறார்கள். படம் முடிந்து வெளியே வந்த சில பையன்கள் நம் தெரு முஸ்லிம் சகோதரனைப் பார்த்த பார்வையும் மாறியிருந்தது. எனக்குப் பயம் தந்தது அந்தப் பார்வைதான்.

காஷ்மீரத்தில் தறி இல்லையா? நெசவாளி இல்லையா? 1865 ஏப்ரல் 29ஆம் தேதி ஸ்ரீநகரில், சால்வை நெசவாளர்கள் டோக்ரா மன்னரின் வரிக் கொடுமையை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். படை பாய்ந்தது. பலர் மாண்டார்கள். அவர்கள் நம் தொழில், நம் ஜாதி, நம் வர்க்கம்! இந்தக் கதை தெரிந்த ஆரணி நெசவாளி காஷ்மீரத்தானை வேறு கண்ணோடு பார்ப்பானா, மாட்டானா?

நாம் பிரம்மாண்டத்துக்கு விரோதிகளா?

"அப்படியென்றால் நாலு சுவருக்குள் நாலு பேர் பேசுவதுதான் நல்ல படமா?" என்று கேட்பார்கள். இல்லை ஐயா! 1948இல் ஜெமினி வாசன் எடுத்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தைவிடப் பிரம்மாண்டம் உண்டா? ஆனால் அந்த முரசுகளுக்குள் வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் கொடுங்கோலன் மேல் பாய்கிறார்கள். காட்சியின் வயிற்றில் கதை இருந்தது! 1925இல் ஐசன்ஸ்டீன் எடுத்த 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தில் ஒடெஸ்ஸா படிக்கட்டுப் படுகொலையை உலகமே பேசுகிறது. அந்தப் படிக்கட்டுக்கு முன்னால் என்ன வருகிறது? மாலுமிகளுக்குப் போட்ட இறைச்சியில் நெளிகிற புழு. புழுவைக் காட்டியவனுக்குத்தான் படிக்கட்டைக் காட்டும் தகுதி வந்தது.

1985இல் சோவியத் டைரக்டர் எலெம் கிளிமோவ் 'வந்து பார்' என்ற படத்தை எடுத்தார். நாஜிகள் பைலோரஷ்யாவில் 628 கிராமங்களை மக்களோடு சேர்த்துக் கொளுத்தினார்கள் என்று அந்தப் படம் சாற்றுகிறது. ஜனங்களைக் கட்டடத்தில் அடைத்துத் தீ வைக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவனின் முகம் நம் கண்ணெதிரே கிழவன் முகமாகிறது. அதைப் பார்த்தபோது எனக்கு 1968 டிசம்பர் 25 நினைவுக்கு வந்தது. கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் ஒண்டிய குடிசைக்குத் தீ வைத்து 44 உயிர்களைக் கருக்கிய இரவு அது. அங்கே பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இருந்தது மிராசுதாரின் கோபம்.

ஜனங்கள் ரசனை என்ற பொய்

கடைசி அஸ்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள்: "நல்ல கதை ஓடாது." ஓடாமல் போனதுண்டு, மறைக்க மாட்டேன். பந்துலு 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்ம'னை வண்ணத்தில் எடுத்தார், வெற்றி. அதே பந்துலு, அதே சிவாஜியை வைத்து, 1961இல் 'கப்பலோட்டிய தமிழ'னை எடுத்தார். பணம் வரவில்லை. இது நம் எல்லோருக்கும் தலைகுனிவுதான்.

ஆனால் முழுக் கணக்கையும் பாருங்கள். கட்டபொம்மனில் ஜனங்கள் மனப்பாடம் செய்தது எதை? யுத்தக் காட்சியையா? வரி கேட்டு வந்தவனிடம், வயலில் நீ செய்த வேலை என்ன என்று கட்டபொம்மன் கேட்கிற வசனத்தை அல்லவா நம் பிள்ளைகள் பள்ளிக்கூட மேடைகளில் முழங்கினார்கள்! வண்ணம் மங்கிவிட்டது, உழைப்பைப் பற்றிய கேள்வி மங்கவில்லை. கப்பலோட்டிய தமிழனிலோ, சிறையில் ஒரு மனிதன் செக்கிழுக்கிறான். குதிரை இல்லை, குண்டு இல்லை. அன்று வாங்காத டிக்கெட்டுக்கு வட்டியும் முதலுமாகத் தமிழன் கண்ணீர் சிந்தி அந்தக் காட்சியை இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஜனங்கள் ஏமாற்றப்படலாம், தாமதிக்கலாம். முட்டாள்கள் அல்ல.

டீக்கடையில் என்னைக் கேட்ட இளம் தோழருக்கு என் பதில் இதுதான். படம் பாருங்கள். கண் குளிரப் பாருங்கள். வெளியே வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். செத்தவன் யார்? சாகடித்தவன் யார்? அதனால் லாபம் அடைந்தவன் யார்? மூன்றுக்கும் பதில் சொல்லும் படம், அது பேய்ப் படமானாலும் யுத்தப் படமானாலும், உங்கள் கூலிக்குத் தகுந்த படம். பதில் சொல்லாத படத்திடம் ஏமாந்தது கூலி மட்டும் என்று நினைக்காதீர்கள். எதைக் கண்டு பயப்பட வேண்டும், யாரை வெறுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

நைந்த பாவைத் தறியில் ஏற்ற நெசவாளி சம்மதிக்க மாட்டான். நைந்த கதைக்கு மட்டும் ஏன் சம்மதிக்க வேண்டும்?