ஈயம் நீங்கிய குழாயும் பெயரில்லாத விரிப்பும்

பிவிசி குழாய்களிலும் இணைப்புகளிலும் ஈயச் சேர்மங்களை நிலைப்படுத்தியாகக் கலக்கும் வழக்கத்தை ஒழிப்பதற்காக நடுவண் சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம் 2021ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிகளின் விளைவு, இப்போது வன்பொருள் கடைகளில் கண்ணுக்குத் தெரிகிறது. குழாயின் மேல் ‘ஈயமற்றது’ என்ற அச்சு ஏறியிருக்கிறது. எல்போ, டீ, கப்ளர் வரும் பைகளிலும் அதே சொல் காணப்படுகிறது. இதைப் பார்த்த, மீன் வாழும் நீரைச் சுழலவிட்டு அதிலேயே செடியும் வளர்க்கும் வீட்டு அக்வாபோனிக்ஸ் அமைப்பாளர்கள் பலர், விதிக்கு முன்பு வாங்கிய குழாய்களால் ஆன அமைப்பை முழுவதுமாகப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டுமா, கசியும் இடங்களை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டலாமா என்று கேட்கத் தொடங்கியுள்ளனர். பிரிக்க வேண்டியதில்லை என்பதே இவ்விதழின் நிலைப்பாடு. அதற்கான காரணங்களைச் சொல்லும்போது, இந்த விதி தொடாமல் விட்ட இடங்களையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நிலைப்படுத்தி என்பது, குழாய் வார்க்கும் வெப்பத்தில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை விடாதபடி தடுக்கச் சேர்க்கப்படும் பொருள். அதில் உள்ள ஈயத்தின் பெரும்பகுதி குழாயின் சுவருக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும். தண்ணீரில் இறங்குவது உட்புற மேற்பரப்பில் இருப்பதுதான், அதுவும் தொடக்கத்தில் மிகுதியாகவும் பின்னர் குறைந்துகொண்டும் இறங்குகிறது. குடிநீர்க் குழாய்களுக்கான ஐஎஸ் 4985 தரநிலையின் பழைய பதிப்பிலேயே, குழாயை ஊறவைத்து இறங்கும் ஈயத்தை அளக்கும் சோதனையில் முதல் ஊறலுக்கு ஒரு வரம்பும் மூன்றாம் ஊறலுக்கு அதைவிடக் கடுமையான ஒரு வரம்பும் தனித்தனியே விதிக்கப்பட்டதற்கு இதுவே காரணம். ஆகவே சில ஆண்டுகள் நீரோட்டம் கண்ட குழாயை அறுத்தெறிந்து புதிதாகப் போடுவதால் கிடைக்கும் நன்மை சிறிது. அறுக்கும்போது உதிரும் தூள் சம்ப்பில் விழுந்தால் வரும் கேடு அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். வெயிலில் வெளுத்து, விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல மாவு உதிரும் குழாய்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றை ஈயத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் மாற்றத்தான் வேண்டும், ஏனெனில் அவை அடுத்த கோடையில் வெடிக்கும்.

ஆயினும் குடிநீர்க் குழாய்க்கான இச்சோதனையை அக்வாபோனிக்ஸ் அமைப்புக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. குடிநீர் குழாயை ஒருமுறை கடந்து போய்விடுகிறது. இங்கோ அதே நீர் மணிக்கு ஒருமுறை என்ற கணக்கில் நாள் முழுவதும் சுற்றிச்சுற்றி வருகிறது, ஆவியான அளவே புதிய நீர் சேர்கிறது. நைட்ரஜனேற்றம், அதாவது மீன்கழிவின் அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும் வினை, ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மையைத் தின்றுவிடுவதால், கவனிக்காமல் விட்ட அமைப்பில் பிஎச் 6 வரைகூட இறங்குகிறது. இந்த அமில நீரில் முதலில் கரைவது பிவிசிக்குள் இருக்கும் ஈயமன்று, எங்கோ ஓர் இடத்தில் மறந்துபோய் மாட்டிய பித்தளை வால்வின் செம்பும் ஜிஐ நிப்பிளின் துத்தநாகமுமே ஆகும். மீனின் செவுளுக்கு இவ்விரண்டும் நேரடி நஞ்சு. 30 மீட்டர் குழாயை மாற்றும் செலவில் ஐயப்படுகிறவர், அந்த ஒரு வால்வைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் பால் வால்வு போட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். மரைகளில் சணலைச் சுற்றி வெள்ளை ஈயம் பூசி இறுக்கும் பழைய பிளம்பர் பழக்கத்தையும் இதே வரிசையில் வைக்க வேண்டும்: குழாயிலிருந்து விதி நீக்கிய ஈயத்தை மரையில் கையால் பூசிக் கொடுப்பது பொருளற்றது.

கசிவு பெரும்பாலும் குழாயில் ஏற்படுவதில்லை, இணைப்பில்தான் ஏற்படுகிறது. தொட்டிச் சுவரைத் துளைத்து மாட்டும் டேங்க் நிப்பிளை எடுத்துக்கொண்டால், அதன் ரப்பர் வாஷர் தலைப்பகுதிக்கும் சுவருக்கும் இடையே இருக்க வேண்டும். நட்டின் பக்கம் வைத்தால் இறுக்கும்போது நட்டோடு சேர்ந்து முறுகி ஒருபுறம் பிதுங்கிவிடும். ஹோல் சாவால் துளையிட்டபின் விளிம்பில் நிற்கும் பிசிறைக் கத்தியால் வழிக்காவிட்டால், வாஷர் எவ்வளவு நல்லதாயினும் அந்தப் பிசிறின் வழியே நீர் கசியும். பாலிஎத்திலீன் சுவர் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கிக் கொடுக்கும் இயல்புடையது என்பதால், சில நாள் கழித்து நட்டை மீண்டும் ஒருமுறை கையால் இறுக்கிப் பார்ப்பது அவசியம். வளைந்த சுவரில் தட்டையான நிப்பிளை மாட்டிவிட்டு சிலிக்கோனை அப்புவோர் உண்டு; பாலிஎத்திலீனில் சிலிக்கோன் ஒட்டுவதில்லை, எம்-சீலும் நிலைப்பதில்லை. தொட்டியிலேயே தட்டையாக வார்க்கப்பட்ட இடத்தில் துளையிடுவதுதான் வழி.

மரை இணைப்புகளில் எஃப்.டி.ஏ. எனப்படும் உள்மரை அடாப்டர்தான் அதிகம் உடைகிறது. டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றி ரென்ச்சால் முறுக்கும்போது, எம்.டி.ஏ. எனப்படும் வெளிமரை அடாப்டர் உள்ளிருந்து ஆப்புபோல விரித்துத் தள்ளுவதால், வார்ப்பின்போது உருகிய பிளாஸ்டிக்கின் இரு ஓட்டங்கள் கூடிய கோட்டின் வழியே மயிரிழைக் கீறல் விழுகிறது. அது அன்றே தெரியாமல், மோட்டார் நின்று நின்று ஓடும் சில வாரங்களில் விரிகிறது. மரையின் திசையிலேயே மூன்று நான்கு சுற்று டேப் போட்டு, கையால் இறுகிய பின் ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று என்பதே போதுமானது. ஒட்டிய இணைப்பு கசிந்தால் அதன் வெளிவிளிம்பில் சால்வென்ட் சிமென்டைத் தடவுவது பயனற்றது. அந்தச் சிமென்ட் பசையன்று. டெட்ராஹைட்ரோஃப்யூரான், மெத்தில் எத்தில் கீட்டோன் போன்ற கரைப்பான்கள் குழாயையும் சாக்கெட்டையும் மென்மையாக்கி ஒன்றோடொன்று உருக வைப்பதால்தான் இணைப்பு உண்டாகிறது, நீர் ஊறும் இடத்தில் அந்த உருக்கம் நடப்பதேயில்லை. அந்தத் துண்டை அறுத்தெடுத்து, நன்றாக உலர்த்தி, கப்ளரோ யூனியனோ வைத்து ஒட்ட வேண்டும். கால் சுற்று திருகி உள்ளே தள்ளி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்காவிட்டால், சாக்கெட்டின் சரிவு குழாயைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். மொட்டை மாடியில் உச்சிவெயிலில் ஒட்டும்போது, குழாயைச் செருகும் முன்பே சிமென்டின் மேல் ஏடு படிந்துவிடுவதால், இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்வது நல்லது. 24 மணி நேரம் கழித்து ஓடவிடும் முதல் நீர் மீன் தொட்டிக்குப் போகக்கூடாது.

இவையெல்லாம் பழகிய கைகளுக்குத் தெரிந்தவை. விதியும் அதன் அச்சும் எட்டிப்பார்க்காத பொருள் உள்விரிப்பு, அதாவது லைனர். வளர்ப்புப் படுகையிலும் சம்ப்பிலும், நுண்ணுயிர்த் திரள்களைக் கொண்டு மீன் வளர்க்கும் பயோஃபிளாக் வகைத் தொட்டியிலும் நீர் மிகப் பரந்த பரப்பில் தொடுவது குழாயை அன்று, இந்த விரிப்பைத்தான்.

விரிப்புக் கசிவை அறிவது எளிது. மோட்டாரை நிறுத்தி மட்டத்தைக் குறித்து வைத்தால், ஓடும்போது மட்டும் குறையும் நீர் குழாயில் போகிறது, நின்றபோதும் குறையும் நீர் விரிப்பில் போகிறது என்பது தெளிவாகும். ஒரு வாளியில் நீர் நிரப்பித் தொட்டியின் அருகில் அதே வெயிலில் வைத்து, இரண்டிலும் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று ஒப்பிட்டால் ஆவியானதையும் கழித்துவிடலாம். படுகையில் மட்டம் எங்கே இறங்காமல் நிற்கிறதோ அந்த உயரத்தில்தான் ஓட்டை இருக்கும். நின்ற நீரில் சந்தேகத்துக்குரிய மடிப்பருகே சிரிஞ்சால் ஒரு சொட்டுப் பால் விட்டால், அது இழுபடும் திசை இடத்தைக் காட்டிவிடும். ஓட்டையே இல்லாமல், மடித்துவிட்ட விளிம்பின் மேல் சாய்ந்த ஜல்லியும் வேரும் திரிபோல் நீரை உறிஞ்சி வெளியே இறக்குவதும் உண்டு. விளிம்பை இரண்டு அங்குலம் உயர்த்தினால் அது நின்றுவிடும்.

ஓட்டையைக் கண்டபின்தான் உண்மையான இடர் தொடங்குகிறது, ஏனெனில் ஒட்டுப்போடும் முறை விரிப்பின் பொருளைப் பொறுத்தது. பிவிசி பூசிய துணியாயின் அதே துணியின் துண்டை வினைல் பசையால் ஒட்டலாம். ஈபிடிஎம் ரப்பராயின் பிரைமர் தடவி அதற்குரிய நாடாவை அழுத்த வேண்டும். எச்டிபிஇ எனும் பாலிஎத்திலீன் ஆயின் எந்தப் பசையும் நிலைக்காது, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் உருக்கி இணைக்க வேண்டும், அதுவும் மேற்பரப்பை உரசிச் சுத்தம் செய்த பிறகே. மூன்றுக்கும் பொதுவான விதிகள் இரண்டு: ஒட்டு நீர் இருக்கும் பக்கத்தில் போடப்பட வேண்டும், அப்போதுதான் நீரின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும், ஒட்டின் மூலைகள் வட்டமாக வெட்டப்பட வேண்டும். ஆனால் வீட்டில் விரித்திருப்பது எந்தப் பொருள் என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. சுருளிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டித் தரும்போது, சுருளின் உறையில் ஏதேனும் அச்சு இருந்தாலும் அது கடையிலேயே நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வருவது நீலமாகவோ கறுப்பாகவோ ஒரு தாள். அதற்குத் ‘தார்ப்பாய்’ என்றும் ‘சில்பாலின்’ என்றும் கடைக்காரர் வைத்ததே பெயர்.

இது பழுதுபார்ப்பின் வசதிக் குறைவு மட்டுமன்று. நெகிழ் பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் போன்ற பொருள்களும், பூஞ்சை பிடிக்காதிருக்கச் சில விரிப்புகளில் கலக்கும் நச்சுகளும், குளியலறைச் சிலிக்கோனில் கலந்த பூஞ்சைக்கொல்லியும் அதே சுழல் நீரில்தான் இறங்குகின்றன. குழாயின் ஈயத்தைப் பற்றி ஓர் அமைச்சகமே விதி எழுதும் நாட்டில், மீன் வாழும் நீரை நாள் முழுதும் தாங்கி நிற்கும் தாளில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி அச்சிடச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. தரநிலைகளுக்குப் பஞ்சமில்லை. பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் நெய்து பூசிய எச்டிபிஇ விரிப்புக்கு ஐஎஸ் 15351 இருக்கிறது. உணவோடு தொடர்புறும் பாலிஎத்திலீனுக்கு ஐஎஸ் 10146 இருக்கிறது. குடிநீர்த் தொட்டிக்கு ஐஎஸ் 12701 இருக்கிறது. இவற்றுள் எதுவும் வீட்டு மீன்தொட்டியின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. தொட்டி மீன்வளத் துறையின் பொருள், படுகை தோட்டக்கலைத் துறையின் பொருள், உணவுத்தட்டுக்கு வந்த பிறகுதான் அது உணவுப் பாதுகாப்புத் துறையின் பொருள் என்று பங்கு பிரித்துக்கொண்ட அதிகார அமைப்பில், மூன்றையும் இணைத்து ஓடும் நீர் எவருடைய பொருளும் அன்று.

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டம், 4 மீட்டர் விட்டமும் 1.5 மீட்டர் உயரமும் கொண்ட 7 பயோஃபிளாக் தொட்டிகள் என்று அளவெடுத்து, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும் மகளிருக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் தருகிறது. விட்டத்தை மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, உள்ளே விரித்த தாளின் பெயரைக் கேட்பதற்கு என்ன தடை என்று வினவுவதில் தவறில்லை. கோப்பில் தொட்டியின் புகைப்படம் சேர்ந்தால் மானியம் முடிந்தது. அந்த விரிப்பு இரண்டாம் கோடையில் மடிப்புவழியே கிழியும்போது, நட்டத்தைத் தாங்குகிறவர் கடன் வாங்கித் தன் பங்கைக் கட்டியவர்தான். ஒரு சான்றுக்கு மூன்று அலுவலகம் ஏறி இறங்க வைக்கத் தெரிந்தவர்கள், ஒரு தாளுக்குச் சான்று கேட்க மறந்தது தற்செயல் என்று நம்புவது கடினம்.

இவ்விதழ் கேட்பது பெரிதன்று. விரிப்பின் ஒவ்வொரு மீட்டரிலும் பாலிமரின் பெயர், மைக்ரான் அல்லது ஜிஎஸ்எம் கணக்கில் கனம், தயாரித்த மாதம், பூஞ்சைக்கொல்லி உண்டா இல்லையா என்ற நான்கு விவரங்கள் அச்சிடப்பட வேண்டும். மானியக் கோப்பில் அந்த அச்சின் படமும் சேர வேண்டும். சால்வென்ட் சிமென்டுக்கும் சிலிக்கோனுக்கும் மீன் நீருக்கு ஏற்றதா என்ற ஒரு வரி போதும்.

அதுவரை வாங்குகிறவரே சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விரிப்பின் ஓரத்தில் நகமளவு வெட்டி, ஒரு சொட்டுச் சோப்பு கலந்த நீரில் குமிழி ஒட்டாதபடி அமிழ்த்தினால், பாலிஎத்திலீன் மேலே வந்துவிடும், பிவிசியும் ஈபிடிஎம்மும் மூழ்கும். மூழ்கியதைப் பிரித்தறிய, செப்புக் கம்பியைச் சிவக்கச் சுட்டு அத்துண்டில் தொட்டுத் திரும்பச் சுடரில் காட்டினால், சுடர் பச்சையாகும் பட்சத்தில் அதில் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி; வெளியில் காற்றோட்டமான இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும், புகையை முகரக்கூடாது. தெரிந்த பெயரைப் பில்லில் எழுதித் தரும்படி கடைக்காரரிடம் கேட்கலாம். வாங்கும்போதே அரை மீட்டர் கூடுதலாக வெட்டி வாங்கி, வெயில் படாத இடத்தில் தேதி எழுதி வைத்துக்கொண்டால், ஒட்டுப்போடும் நாளில் அதே பொருள் கையில் இருக்கும்.