ஓர் எழுத்து கூட



போன வாரம் குஜிலியம்பாறை கடைவீதியில் ஒரு செல்போன் சார்ஜர் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தால், தெரிந்த கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து கூட இருக்கிறது! "கடையிலேயே கண்ணாடி போட்டுப் பார்க்கிறதுக்கு என்ன?" என்று வீட்டில் கேட்டார்கள். வேடசந்தூர் பஸ் கிளம்பிக்கொண்டிருக்கும்போது யார் எழுத்துக்கூட்டிப் படிப்பது?

இந்த அவசரத்தை நம்பித்தான் போலிப் பெயர் வியாபாரமே நடக்கிறது. நல்லவேளையாக, சட்டமும் அவசரக்காரர் பக்கம்தான். இரண்டு பெயரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறதா என்று கோர்ட் கேட்பதில்லை. அரைகுறை ஞாபகத்தோடு வரும் சாதாரண ஆள் குழம்புவாரா என்றுதான் கேட்கிறது.

'சிஃபி' ஞாபகமிருக்கிறதா? பிரவுசிங் சென்டர் காலத்துப் பெயர். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, தன் பெயரிலிருந்தே எழுத்துகளைப் பொறுக்கி உண்டாக்கி, 1999-ல் இணைய முகவரியாகப் பதிந்த சொல். 2001-ல் 'சிஃபிநெட்' என்று இன்னொருவர் வந்தார். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு 'எஃப்' கூடுதல். ஐந்து பங்காளிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் என்றார்கள். பெங்களூரு சிவில் கோர்ட் தடை போட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி தடை போட்டது. இணைய முகவரியும் கடைப் பெயர்ப்பலகை மாதிரிதான், அடுத்தவர் பெயரைக் காட்டி ஆள் இழுக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். கம்ப்யூட்டருக்கு அவை இரண்டும் வெவ்வேறு வாசல். ஓர் எழுத்து மாறினாலும் அது குழம்பாது. குழம்புவது நம் காதுதான்.

நம்ம மாவட்டத்துக்கு இதெல்லாம் புதுசா என்ன? தலைப்பாகட்டி பிரியாணிப் பெயருக்கான சண்டை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனதே. 1957-ல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் கடை போட்டபோது அதன் பெயர் ஆனந்த விலாஸ். அவர் கட்டியிருந்த தலைப்பாகையைப் பார்த்துச் சாப்பிட வந்தவர்கள் வைத்த பெயர்தான் பிறகு வழக்காடும் அளவுக்கு விலைபோனது.

என் சார்ஜர் இன்னும் வேலை செய்கிறது. ராத்திரி மாட்டிவிட்டுத் தூங்கத்தான் மனசு வரவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் எழுத்து கூடியதோ குறைந்ததோ இருந்தால், அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்