கடை இருக்கும் ஊரில் சிகிச்சையும் இருக்க வேண்டும்: குடிநோயிலிருந்து மீள்வோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கு,

குடியை விட்டவர்களும், விட முயல்பவர்களும், எங்கள் குடும்பத்தாரும் சேர்ந்து இதை முன்வைக்கிறோம். 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் வழியே அரசின் கையில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்து, அரசு மருத்துவமனையில் அதற்குச் சிகிச்சை பெறுவதை எங்கள் உரிமை ஆக்கியது. அந்த உரிமை எங்கள் ஊருக்கு எப்போது வந்து சேரும் என்பதே கேள்வி.

1. தாலுகா மருத்துவமனை தோறும் குடிநோய்க்கெனப் படுக்கைகள் ஒதுக்குங்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் சித்தம் கலங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினால் அவர் கால் கடைக்குத்தான் போகும். வந்த அன்றே சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025-இல் அரசு தொடங்கிய 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள் 25, மாவட்டங்களோ 38. விடுபட்ட மாவட்டங்களுக்கு இந்த நிதியாண்டிலேயே மையம் வேண்டும்.

2. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் இருமுறை மாலை நேர ஆலோசனை நடத்துங்கள். காலையில் வந்தால் அன்றைய கூலி போய்விடும். வேலை முடிந்து கையில் காசோடு திரும்பும் நேரமே எங்களுக்குக் கடினமான நேரம். கடை இரவு 10 மணிவரை திறந்திருக்கிறது. ஆலோசகரின் அறை 8 மணிவரையாவது திறந்திருக்கட்டும்.

3. வீட்டுக்கு வந்து விசாரியுங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் வீடு தேடி வருகிறார். அதே ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தால், சிகிச்சை முடித்தவரையும் பார்த்து வருவார். வீடு திரும்பிய முதல் மாதங்களில்தான் பலர் மறுபடி குடிக்கிறார்கள். அதனால் முதல் ஆண்டு முழுவதும் இந்தக் கவனிப்பு வேண்டும்.

4. கூட்டம் நடத்த இடம் கொடுங்கள். குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. கூட்டத்துக்கும், குடும்பத்தாரின் அல்-அனான் கூட்டத்துக்கும் ஓர் அறை போதும். மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி வகுப்பறையையும் சமுதாயக் கூடத்தையும் வாடகையின்றித் தர மாவட்ட ஆட்சியரின் ஓர் ஆணை போதும். இதற்குப் பணம் தேவையில்லை. தாமதத்துக்குக் காரணமும் இல்லை.

5. பெண்களுக்குத் தனிப் பிரிவும் பெண் ஆலோசகரும் வேண்டும். குடிக்கும் பெண் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி, நோய் முற்றும்வரை மறைக்கிறாள். குடிப்பவரின் மனைவியோ அடியையும் கடனையும் தனியே சுமக்கிறாள். இருவருக்கும் பெயர் வெளிவராத கவனிப்பு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் உடனே தொடங்கட்டும்.

6. தனியார் மறுவாழ்வு இல்லங்களைச் சோதியுங்கள். சிகிச்சை என்ற பெயரில் கட்டி வைப்பதும் அடிப்பதும் குற்றம். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது. பதிவு பெற்ற இல்லங்களின் பெயரும் கட்டணமும் ஒவ்வொரு அரசு மருத்துவமனை வாசலிலும் பலகையில் இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் முடியும் வேலை இது.

7. உதவி எண்ணை ஒவ்வொரு கடையிலும் எழுதி வையுங்கள். போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய இலவச எண் பலருக்குத் தெரியாது. விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அது இருக்கட்டும்.

8. கணக்குச் சொல்லுங்கள். 2023-24-இல் மது வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆண்டுதோறும் பேரவையில் வருவாயைச் சொல்லும்போதே, அதில் மீட்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, சிகிச்சைக்கு வந்தவர் எத்தனை பேர், ஓராண்டுக்குப் பின்னும் குடிக்காதிருப்பவர் எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கள்.

புதிய கட்டடம் கேட்டு நாங்கள் நிற்கவில்லை. மருத்துவமனை இருக்கிறது, ஊழியர் இருக்கிறார், சட்டம் இருக்கிறது. இன்று மாலை கடைக்குப் போவதா, வேண்டாமா என்று தெருமுனையில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். அவர் திரும்பி நடந்தால் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும்.